குளவி, புழு, விடுபட்ட செடி

குளவி கொட்டிக் கொட்டிப் புழுவைத் தன்னைப்போல் ஆக்கிவிடுகிறது என்ற உவமையைக் கேட்காமல் ஓர் இலக்கியக் கூட்டத்தைவிட்டு வெளியே வருவது தமிழில் சற்றுக் கடினம். குருவைப் பற்றிப் பேசுபவர் சொல்வார். முன்னோடி எழுத்தாளரின் பாதிப்பைப் பற்றிப் பேசுபவரும் சொல்வார். வேதாந்தத்தில் பிரமர கீட நியாயம் என்று இதற்குத் தனிப்பெயரே உண்டு. சைவ சித்தாந்த மரபில் அந்தக் குளவியின் பெயர் வேட்டுவன். மண்கூட்டுக்குள் அடைபட்ட புழு குளவியை அஞ்சி அஞ்சி, அதையே எண்ணி எண்ணி, ஒருநாள் குளவியாகவே பறந்து போகிறது. அழகான உவமைதான். பறந்து போவது புழுவல்ல, புழுவைத் தின்று வளர்ந்த குளவியின் பிள்ளை என்று இன்று பள்ளிச் சிறுவனும் சொல்லிவிடுவான். அதைச் சொல்லி உவமையை மடக்குவது என் நோக்கமல்ல. உவமைகள் உயிரியல் தேர்வு எழுதுவதில்லை.

என் குறை வேறு. இந்த நாடகத்தில் எப்போதும் இரண்டே பாத்திரங்கள். அந்தப் புழு எந்தச் செடியின் இலையில் இருந்தது, அத்தனை இலைகளுக்கு நடுவே குளவி அதை எப்படிக் கண்டுகொண்டது என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. நம்மவர்கள் மட்டுமல்ல. உயிருள்ள புழுவின் உடலுக்குள் இருந்தே அதைத் தின்று வளரும் ஒட்டுண்ணிக் குளவிகளை அருளாளனான ஒரு கடவுள் வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று தன்னால் நம்ப இயலவில்லை என 1860இல் டார்வின் ஒரு கடிதத்தில் எழுதினார். கடிதத்தைப் பெற்ற ஏசா கிரே ஒரு தாவரவியலாளர். ஆயினும் புகழ்பெற்ற அந்த வாக்கியத்தில் செடி இல்லை. பிரான்சின் தென்பகுதியில் குளவிகளின் பின்னால் அலைந்த ஃபாப்ர், மணற்குளவி புழுவின் உடலைக் கணுக்கணுவாகக் கொட்டி முடக்குவதைக் கண்டு வியந்து எழுதினார். அந்த வியப்பை வாங்கிக்கொண்டு, உள்ளுணர்வைப் பற்றிய தன் தத்துவத்துக்கு 1907இல் பெர்க்சன் ஊட்டமாக்கினார். எல்லோருக்கும் கொலைதான் கண்ணில் பட்டது. கொலை நடந்த இடம் வெறும் இடமாகவே இருந்துவிட்டது.

செடி இந்த நாடகத்தின் அரங்கமல்ல, அதுவும் ஒரு பாத்திரம், பல வேளைகளில் முதன்மைப் பாத்திரம் என்பது என் தரப்பு. இதை மறந்ததற்கான விலையை உவமைகள் கொடுக்கவில்லை, வயல்கள் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. எனக்கு இது புரியத் தொடங்கியது ஆரம்பாக்கத்தில், என் சித்தப்பாவின் நிலக்கடலைக் கொல்லையில்.

ஆரம்பாக்கம் சென்னையிலிருந்து கூடூர் செல்லும் ரயில் பாதையில் ஆந்திர எல்லையை ஒட்டியிருக்கும் ஊர். அடுத்த நிலையமான தடாவில் பெயர்ப்பலகையின் முதல் எழுத்து தெலுங்குக்கு மாறிவிடும். ஊருக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி. சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் மிகப்பெரிய உவர்நீர்க் காயல் அது. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது. கரையோரக் குப்பங்களில் மீன்பிடிப்பு. சற்று மேட்டில், மணல் கலந்த நிலத்தில் நெல்லும் கடலையும் சவுக்கும். ஏரியில் தொழில் செய்பவர்கள் மீனைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்வதில்லை. ஆலா கூட்டமாக விழுந்தெழும் இடத்தைப் பார்ப்பார்கள், தண்ணீரின் நிறம் மாறும் கோட்டைப் பார்ப்பார்கள். வேட்டைக்காரன் தேடுவது இரையை அல்ல, இரை இருப்பதன் அடையாளத்தை. குளவிக்கும் இதுவே நிலை. ஒரு சிறு பச்சைப்புழு பச்சை இலையின் அடிப்புறம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு மணம் மிகக் குறைவு. இருக்கும் மணத்தையும் மறைத்துக்கொள்வதில்தான் அதன் உயிர் இருக்கிறது. ஆனால் அது தின்னும் செடி பெரியது. அதன் மணத்தை மறைக்கப் புழுவால் ஆகாது.

சென்ற மாசியில் அங்கே பத்து நாட்கள் தங்கினேன். சித்தப்பா அந்த ஆண்டு கடலையைச் சுற்றி வரப்போரம் ஆமணக்கு ஊன்றியிருந்தார். வேளாண்மைத் துறையினர் நெடுங்காலமாகச் சொல்லிவரும் யோசனை அது. படைப்புழுவின் தாய் அந்துப்பூச்சிக்குக் கடலையைவிட ஆமணக்கின் அகன்ற இலை பிடிக்கும். அங்கே முட்டைக்குவியல் இடும். விவசாயி அந்த இலையைக் கிள்ளி அழித்துவிடலாம். பொறிப்பயிர் என்பார்கள். கிள்ளுவதற்கு ஆள் இல்லாததால் சித்தப்பாவின் பொறியில் புழு பெருகிக்கொண்டிருந்தது. இளம்புழுக்கள் கூட்டமாக இலையின் பச்சையைச் சுரண்டித் தின்றதால் இலைகள் வெளுத்துச் சல்லடையாகத் தொங்கின.

"புழுவுக்குப் பந்தி போட்ட மாதிரி இருக்குதுப்பா" என்றார் சித்தப்பா.

நான் வேறு வேலையில்லாதவன் ஆகையால் இரண்டு காலை நேரங்களை அந்த வரப்பில் கழித்தேன். காகிதத்தால் செய்ததுபோல் கூடு கட்டும் மெலிந்த செம்பழுப்புக் குளவிகள் வந்தன. அவை முதலில் புழுவிடம் போகவில்லை. ஆமணக்கின் இலைக்காம்பில், இலையுடன் சேரும் இடத்தில் சிறு குமிழ்கள் இருக்கும். அவற்றில் வாய்வைத்து நின்றன. அந்தக் குமிழ்கள் தேன் சுரப்பிகள். பூவில் அல்லாமல் காம்பில் தேன். பிறகுதான் சல்லடையான இலைகளின் மீது தாழப் பறந்து, இறங்கி, உணர்கொம்புகளால் தட்டித்தட்டி நடந்தன. புழு அகப்பட்டதும் கொட்டவில்லை. கடித்தே கொன்று, மென்று, பச்சை உருண்டையாக்கி எடுத்துப்போயின. பத்தடி தள்ளி வேலியோரம் எருக்கஞ்செடி ஒன்றில், கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாகப் பட்டையிட்ட வெந்தய வரியன் புழு பட்டப்பகலில் இலையின் மேற்புறத்திலேயே மேய்ந்துகொண்டிருந்தது. ஒரு குளவி அதனருகே இறங்கி, கொம்பால் தொட்டு, பறந்துவிட்டது. இரண்டிற்கும் குளவி ஒன்றே. புழுவின் விதியை எழுதியது செடி.

"அந்தப் பந்திக்குத்தான் குளவியும் வருது சித்தப்பா" என்றேன். அவர் சிரித்தார். நான் ஊர் திரும்பிய மறுவாரம் தொலைபேசியில் சொன்னார்: மருந்துக்கடையில் கேட்டாராம், ஆமணக்குதான் புழுவை வளர்க்கிறது, வெட்டியெறிந்துவிட்டு மருந்தடி என்றார்களாம். வெட்டிவிட்டார். மூன்றுமுறை அடித்தார். கடலை சுமாராக வந்தது. வெட்டியிராவிட்டால் நன்றாக வந்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு கொல்லை ஓர் ஆய்வல்ல. என் ஆர்வம் அந்தக் கடைக்காரரின் தருக்கத்தில் இருக்கிறது. அவருக்கும் நாடகத்தில் இரண்டே பாத்திரங்கள்: புழு, மருந்து.

அறிவியலுக்கே செடியைப் பாத்திரமாக ஏற்கச் சற்றுக் காலம் பிடித்தது. செடிக்கும் புழுவுக்கும் இடையிலான உறவை, புழுவின் எதிரியைச் சேர்க்காமல் புரிந்துகொள்ளவே முடியாது என்று பீட்டர் பிரைசும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு கட்டுரையில் வாதிட்டது 1980இல்தான். பத்து ஆண்டுகள் கழித்து, 1990இல், டர்லிங்ஸ், டம்லின்சன், லூயிஸ் மூவரும் மக்காச்சோள நாற்றை வைத்துச் செய்த சோதனை இன்றும் என்னை ஈர்ப்பது. இலையைக் கத்தியால் கீறினால் புல் வெட்டிய வாசனைதான் வருகிறது. கீறிய இடத்தில் புழுவின் எச்சிலைத் தடவினால், சில மணிநேரம் கழித்து, நாற்று டெர்பீன்கள் என்னும் வேறு மணப்பொருள்களை வெளியிடத் தொடங்குகிறது. அந்த மணத்தை நோக்கி ஒட்டுண்ணிக் குளவி பறந்து வருகிறது. காற்றுக்கும் காயத்துக்கும் அசையாத செடி எச்சிலை அடையாளம் காண்கிறது. எச்சிலில் உள்ள அந்தப் பொருளை 1997இல் பிரித்தெடுத்து வாலிசிட்டின் என்று பெயரிட்டார்கள்.

அதைவிட வியப்பானது 1998இல் வெளியான ஓர் ஆய்வு. புகையிலையைத் தின்னும் நெருங்கிய உறவுள்ள இரண்டு புழுவினங்களுக்குச் செடி வெவ்வேறு மணக்கலவையை வெளியிடுகிறது. அவற்றுள் ஒன்றை மட்டுமே வேட்டையாடும் சிறு குளவி, தனக்குரிய புழு தின்ற செடிக்கே போகிறது. புழுவையும் கடிபட்ட இலையையும் அகற்றிவிட்ட பிறகும்கூடப் போகிறது. குளவி செடியை வாசிக்கிறது என்று சொல்லத் தோன்றும். வாசிக்கக் கற்றும் கொள்கிறது. இரையோடு சேர்ந்து ஒரு மணத்தைச் சந்தித்த குளவி அடுத்தமுறை அந்த மணத்தைத் தேடிப் போவதை 1980களிலேயே காட்டியிருக்கிறார்கள்.

குளவி என்ற ஒரே சொல்லுக்குள் நாம் பல தொழில்காரர்களை அடைத்துவைத்திருக்கிறோம் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். புழுவை மென்று உருண்டையாக்கிப் பிள்ளைகளுக்கு ஊட்டும் காகிதக்கூட்டுக் குளவிகள் ஒருவகை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் இராகவேந்திர கடக்கர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டு ஆராய்ந்த ரொப்பலீடியா இந்த வகை. கொட்டி முடக்கி மண்கூட்டில் அடைத்து, உயிருள்ள சேமிப்பாக வைப்பவை இன்னொரு வகை. வேட்டுவன் என்ற பெயர் இவற்றுக்கே பொருந்தும். வீட்டுச் சுவரில் இது கூடு கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை பிறக்கும் என்று பாட்டிகள் சொல்வார்கள். கூட்டிலிருந்து ஒரு பிள்ளை பிறப்பது உண்மைதானே. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒட்டுண்ணிகள் மூன்றாம் வகை. புழுவுக்குள்ளோ புழுவின் முட்டைக்குள்ளோ தம் முட்டையை வைத்துவிட்டுப் போய்விடும். செடியின் மணத்தைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை இந்தக் கடைசி வகையைப் பற்றியவை. மென்று தின்னும் குளவி மணத்தோடு கண்ணையும் நம்புகிறது. ஓட்டை விழுந்த இலை அதற்கு ஒரு விளம்பரப்பலகை.

புழுவின் எச்சம்கூட விளம்பரம்தான். இலையை மடித்து அதற்குள் வாழும் சில துள்ளிவகைப் பட்டாம்பூச்சிகளின் புழுக்கள் தம் எச்சத்தைப் பீரங்கிக் குண்டுபோல் வெகுதூரம் வீசியெறியும். உடல் நீளத்தைப்போல் முப்பது மடங்குக்கு மேல். ஏன் இந்த ஆச்சாரம் என்று கேட்டு, மார்த்தா வைஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2003இல் விடை கண்டார்: எச்சத்தின் வாடை காகிதக்குளவிகளை இழுக்கிறது. இலை புழுவின் வயிற்றின் வழியாகப் போய் வெளியே வந்த பிறகும் காட்டிக்கொடுப்பதை நிறுத்துவதில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டுச் செடி குளவியைக் கூவி அழைக்கிறது, உதவி கேட்டு அழுகிறது என்று எழுதுபவர்கள் ஏராளம். எழுத்தாளர்களுக்கு இது தேன். எனக்கு அந்த மொழியில் ஐயம் உண்டு. காயம்பட்ட செடியிலிருந்து கசியும் மணத்தை யார் வேண்டுமானாலும் முகரலாம். அந்தக் குளவிக்குள்ளேயே முட்டையிடும் இன்னொரு நுண்குளவி இருக்கிறது. அதுவும் செடியின் இதே மணத்தைப் பிடித்துக்கொண்டுதான் வந்து சேர்கிறது என்று 2012இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். மெய்க்காவலனை அழைத்த ஓசையில் மெய்க்காவலனின் கொலையாளியும் வருகிறான். இதை அழுகை என்பதா, கசிவு என்பதா? மறுபுறம், அமெரிக்காவின் யூட்டா பாலைநிலத்துக் காட்டுப்புகையிலையில், மணம் வெளிப்படுவதால் இலைதின்னிகள் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் குறையலாம் என்று கெஸ்லரும் பால்ட்வினும் 2001இல் கணித்தார்கள் (அங்கே வேட்டைக்கு வந்தது குளவியல்ல, ஒரு சிறு மூட்டுப்பூச்சியினம்). ஆகவே செடிக்கு ஆதாயம் இல்லை என்றும் சொல்வதற்கில்லை. செடி பேசுகிறதா என்ற கேள்வியைக் கவிஞர்களிடம் விட்டுவிடலாம். அது பேசாவிட்டாலும் கேட்கிறவை இருக்கின்றன என்பது போதும்.

செடி எப்போதும் குளவியின் பக்கம் நிற்பதில்லை. எருக்கைப் பாருங்கள். அதன் பாலில் இதயத்தைத் தாக்கும் கார்டினோலைடு நஞ்சுகள் உள்ளன. அவற்றைத் தின்று செரிப்பதோடு தன் உடலில் சேமித்துவைத்துக்கொள்ளும் புழு, எதிரியிடமிருந்து பிழைக்கச் செடியிடம் ஆயுதம் வாங்குகிறது. ஆனால் கடன் வாங்கிய ஆயுதம் எப்போதும் கூர்மையாக இருப்பதில்லை. எருக்கின் உறவினச் செடிகளைத் தின்னும் அமெரிக்க மொனார்க் புழுக்களை ஆராய்ந்தவர்கள், நஞ்சு குறைந்த செடியைத் தின்றவற்றையே காகிதக்குளவிகள் அதிகம் கொல்வதைக் கண்டார்கள். கொன்ற பிறகு செடியின் மிச்சம் நிறைந்த குடலைப் பிரித்தெறிந்துவிட்டு மற்றதை எடுத்துப் போகின்றன. நம்மூர் மீன்காரப் பெண்கள் குடலை எடுத்துவிட்டு மீனைத் தருவதுபோல. தக்காளியின் தண்டில் உள்ள பிசின் முடிகள் புழுவுக்குத் தொந்தரவு. புழுவை நாடிவரும் நுண்குளவிக்கோ சிறைச்சாலை.

இந்த இரண்டகத் தன்மைக்கு நம் நாட்டிலேயே தெளிவான சான்று இருக்கிறது. ஐதராபாத்தை அடுத்த பதான்செருவில் உள்ள இக்ரிசாட் ஆய்வு நிறுவனத்தின் வயல்களில் 1990களில் செய்த ஆய்வுகள் அவை. பச்சைக்காய்ப்புழு என்று நாம் சொல்லும் ஹெலிகோவெர்பாவின் தாய்ப்பூச்சி சோளத்திலும் முட்டையிடும், துவரையிலும் முட்டையிடும். சோளக்கதிரில் இட்ட முட்டைகளை டிரைக்கோகிரம்மா என்ற நுண்குளவி ஏராளமாக அழிக்கிறது. துவரையில் இட்ட அதே முட்டைகளை ஏறக்குறைய விட்டுவிடுகிறது. துவரையின் பூவிலும் காயிலும் உள்ள நீண்ட முடிகளும் பிசுபிசுப்பும் அந்தக் குளவியை நடக்கவிடுவதில்லை. ஒரே ஊர், ஒரே பூச்சி, ஒரே குளவி. செடி மாறியதும் முடிவு தலைகீழாகிவிடுகிறது.

இப்போது நம் முட்டை ஒட்டுண்ணி அட்டைக்கு வருவோம். கரும்புக்கும் பிற பயிர்களுக்கும் டிரைக்கோகிரம்மா ஒட்டிய சிறு அட்டைகளைக் கட்டச்சொல்லித் தமிழ்நாட்டில் நெடுங்காலமாகப் பரிந்துரைக்கிறார்கள். நான் அதற்கு எதிரானவன் அல்லன். மருந்துக்குப்பியைவிட அட்டை ஆயிரம் மடங்கு மேல். ஆனால் அந்தக் குளவியின் பிறப்பைக் கவனியுங்கள். ஆய்வுக்கூடத்தில் தட்டுகளில் கம்புத் தானியத்தைப் பரப்பி, அரிசி அந்துப்பூச்சியை வளர்த்து, அதன் முட்டைகளுக்குள் இந்தக் குளவியைப் பெருக்குகிறார்கள். தலைமுறை தலைமுறையாக அது வயலையே முகர்ந்ததில்லை. அதைக் கொண்டுவந்து ஏதோ ஒரு செடியில் கட்டிவிட்டு, மூன்றாம் நாள் புழு குறையவில்லை என்றால் "இயற்கை முறையெல்லாம் ஏட்டுச்சுரைக்காய்" என்று முடிவுகட்டிவிடுகிறோம். எந்தச் செடியில் கட்டினோம், அதன் இலை வழுவழுப்பானதா முடியடர்ந்ததா, அருகில் அந்தக் குளவி குடிக்கத் தேன் உண்டா என்பன கேட்கப்படாத கேள்விகள். வளர்ந்த குளவி பெரும்பாலும் புழு தின்று வாழ்வதில்லை. புழு பிள்ளைக்கு; தனக்கு இனிப்பு. இனிப்பு கிடைத்த ஒட்டுண்ணிகள் கிடைக்காதவற்றைவிடப் பலமடங்கு நாட்கள் வாழ்கின்றன. பயிர் மட்டுமே உள்ள வயலில் குளவியை விடுவது, சோறு போடாமல் ஆளை வேலைக்கு அழைப்பதற்கு ஒப்பாகும்.

அந்தச் சோற்றைப் போட்டுக்கொண்டிருந்தவை வரப்புச் செடிகள். ஆமணக்கின் காம்பில் தேன். தட்டைப்பயறின் பூங்கொத்தில் பூவுக்கு வெளியே தேன். பூவரசு இலையின் அடி நரம்பில் தேன். பழவேற்காட்டு மணலில் படரும் அடும்பங்கொடியின் இலைக்காம்பில்கூடத் தேன் சுரப்பி இருக்கிறது. இவற்றில் ஒன்றையாவது யாரும் குளவிக்காக நட்டதில்லை. எண்ணெய்க்கு, இலைக்கு, நிழலுக்கு, மாட்டுக்கு என்று வைத்தவை. நெடுஞ்சாலையும் தொழிற்பேட்டையும் பெருகிய கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் வரப்பு என்பது இன்று எல்லைக்கல்லுக்கு ஒரு மறுபெயர். மிஞ்சிய நிலத்தில் சவுக்கு. எனக்குச் சவுக்கின் மீது தனிப்பகை எதுவுமில்லை, மணலில் அது நன்றாக வருகிறது, கையில் பணம் தருகிறது. ஆனால் அது காற்றில் மகரந்தம் தூவும் மரம், அதன் பூவில் தேன் கிடையாது. குளவிக்கு அந்தத் தோப்பு ஓர் உணவகம் இல்லாத நகரம்.

பயிர்களையும் நாம் மாற்றிவிட்டோம். பருத்தியின் தேன் சுரப்பிகள் தீங்கு செய்யும் பூச்சிகளையும் ஈர்க்கின்றன என்பதால், சுரப்பியே இல்லாத இரகங்களை அமெரிக்காவில் உருவாக்கினார்கள்; நன்மை செய்யும் பூச்சிகளின் வரவும் குறைந்ததைப் பின்னர் கண்டார்கள். அமெரிக்க மக்காச்சோள இரகங்கள் பலவற்றின் வேர், புழு கடித்தால் வெளியிடவேண்டிய ஒரு மணப்பொருளை இழந்துவிட்டதை 2005இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். விளைச்சலைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்கள் மணத்தைப் பார்க்கவில்லை. 2018இல் கருநாடகத்தில் முதலில் தென்பட்டு அவ்வாண்டே தமிழ்நாட்டு மக்காச்சோளத்தையும் தின்னத் தொடங்கிய அமெரிக்கப் படைப்புழுவின் பின்னால் நாம் மருந்தோடு ஓடியபோது, நம் வீரிய ஒட்டு இரகங்கள் கடிபட்டால் என்ன மணக்கின்றன என்ற கேள்வியும் கூடவே ஓடியிருக்கவேண்டும் என்பது என் ஆதங்கம்.

செய்யமுடியாத காரியம் ஒன்றையும் கேட்கவில்லை. கென்யாவில் மக்காச்சோளத்தைத் துளைத்த தண்டுப்புழுக்களுள் ஒன்று நம்மூர்ப் பக்கத்திலிருந்து அங்கே போனது. அதற்கு எதிராக, சியாவுர் கானும் பிக்கெட்டும் அவர்களின் குழுவினரும் வெல்லப்பாகுப் புல் என்ற ஒரு புல்லை ஊடே வளர்த்துப் பார்த்தார்கள். புழு கடிக்காமலேயே, கடிபட்ட செடியின் மணங்களுள் ஒன்றை எப்போதும் வெளியிடும் புல் அது. புழு குறைந்தது, ஒட்டுண்ணிக் குளவி பெருகியது என்று 1997இல் எழுதினார்கள். பின்னர் அதிலிருந்து வளர்ந்த "தள்ளு–இழு" முறையைக் கிழக்கு ஆப்பிரிக்கச் சிறு விவசாயிகள் கைக்கொண்டார்கள். அங்கே யாரும் குளவியைப் பொட்டலம் கட்டி விற்கவில்லை. அது வந்து தங்குவதற்கான செடியை வைத்தார்கள்.

நம்மிடம் இதற்கான சொற்கள் இல்லாமல் போனது எப்படி என்பது எனக்குப் புதிர். நிலத்தையே பூவின் பெயரால் பிரித்தவர்கள் நாம். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை. விலங்கும் பறவையும் தொழிலும் அந்தப் பெயருக்குக் கீழே வந்து நிற்கும். (சங்கப் புலவர்களுக்கு வேதிச் சூழலியல் தெரிந்திருந்தது என்று நான் சொல்வதாக யாரும் அடுத்த கூட்டத்தில் பேசிவிட வேண்டாம்.) கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் பூக்களுக்குள் குளவி என்று ஒரு பூவும் உண்டு; காட்டுமல்லிகை என்பது உரை. மணக்கும் கொடிக்கும் கொட்டும் பூச்சிக்கும் ஒரே பெயர். தற்செயலாகத்தான் இருக்கும். ஆனால் பூவின் பெயராக இருந்த குளவி அகராதிக்குள் போய் அடைந்துகொண்டது, புழுவைக் கொட்டும் குளவி மேடைக்கு வந்துவிட்டது என்பதில் நம் கவனம் நகர்ந்த திசை தெரிகிறது.

புரட்டாசியில் மறுபடி ஆரம்பாக்கம் போனேன். கோடை மழையில் நனைந்து, வெட்டிய ஆமணக்குத் தூர்களில் மூன்று துளிர்த்து இடுப்பளவு வந்திருந்தன. ஓரிலை சல்லடையாகியிருந்தது. சித்தப்பாவின் கையில் அரிவாள் இருந்தது, வேறு வேலைக்கு எடுத்துவந்தது. சற்றுநேரம் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "நீ சொன்ன குளவி எங்கப்பா கூடு கட்டும்?" என்று கேட்டார்.

எனக்கும் தெரியவில்லை. ஒரு குளவி உருண்டையோடு எழும்பிப் போன திக்கில் இருவரும் நடந்தோம். மோட்டார் கொட்டகையின் ஓட்டுக்கு அடியில், உள்ளங்கையில் பாதி அளவுக்குச் சாம்பல்நிறக் கூடு ஒன்று தொங்கியது. திறந்த அறைகளில் வெளிறிய பிள்ளைகளின் தலைகள் தெரிந்தன. குளவி ஒவ்வோர் அறையாகத் தலையை நுழைத்து எடுத்தது. அதற்கு ஒரு முழம் தள்ளி, ஓட்டுச் சட்டத்தில் ஓர் இடம் கருகியிருந்தது.

"போன வருசம் இங்கதான் பெருசா ஒண்ணு இருந்துது" என்றார் சித்தப்பா. "கொளுத்திட்டேன்."